கேள்வி கேட்காத பென் டிரைவ்

"தம்பி, உன் கம்ப்யூட்டருக்கு மறதி வந்திருச்சு" என்றார் அத்தை, தொலைபேசியில்.

சித்தப்பாவின் இரண்டு கையும் ஒரு லேப்டாப்புக்குள் இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். எதிர் மேசையில் ரசீது போட்டுக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது.

"என்னக்கா மறதி?"

"நேத்து பூரா உக்காந்து ஸ்கூல் பிள்ளைங்க சீருடை அளவை ஏத்தினேன். காலையில போட்டா ஒண்ணுமில்ல, புதுசா வாங்கினது மாதிரி முழிக்குது. முந்தாநாள் போட்ட பில்லுக்கும் இதே கதைதான்."

"நான் குடுத்த பென் டிரைவ் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா?"

"அதுலயேதான் சொருகி வச்சிருக்கேன். இது இருந்தா கவலையில்லன்னு நீதானே சொன்ன?"

சித்தப்பா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். ஆனால் பாதி நாள் தொலைபேசியிலேயே போய்விடும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது திரை எந்த மொழி, எந்த நாடு, சம்மதமா என்று கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். "சம்மதமான்னு கேக்குதே, எதுக்குங்க?" என்று ஒரு மருந்துக்கடைக்காரர் பயந்துபோய் மின்சாரத்தையே அணைத்துவிட்டார்.

வெறுத்துப்போய் சித்தப்பா ஒரு பென் டிரைவ் தயாரித்தார். சொருகி இயந்திரத்தைப் போட்டால் போதும். பழையதைத் துடைத்து, விண்டோஸ், பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் தானே நிறுவிவிடும். ஒரு கேள்விகூட கேட்காது. அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லி எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார். மவுஸில் பேட்டரி தீர்ந்ததை அவசரம் என்று நினைத்தார் ஒரு வக்கீல் குமாஸ்தா. அத்தையோ அதைக் கழற்றவே இல்லை. தினமும் காலையில் இயந்திரம் தன்னைத் தானே துடைத்துக்கொண்டது.

அன்று மதியம் நாங்கள் அத்தையின் தையல் கடைக்குப் போனோம். தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார் சித்தப்பா. கோப்புகளின் பெயர்கள் துண்டு துண்டாக வந்தன. அளவுகள் வரவில்லை.

"ஏத்தியாச்சேன்னு அளவுச் சீட்டையெல்லாம் நேத்தே கிழிச்சுப் போட்டுட்டேன். பிள்ளைங்க எல்லாம் லீவுக்குப் போயாச்சு. யாரை நிக்க வச்சு அளப்பேன்? ஸ்கூல் தொறக்கிறப்ப துணி தரலன்னா ஆர்டர் அடுத்த கடைக்குப் போயிரும்" என்றார் அத்தை. "அழிக்கப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டா அதுக்கு வாய் வலிக்குமா?"

"கேட்டா மட்டும் நீ படிப்பியாக்கா? எது வந்தாலும் சரின்னு அமுக்குவ."

"படிக்கிற மாதிரி இருந்தா படிப்பேன். நீங்க எழுதறது போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு."

அத்தை பிள்ளைகளின் அம்மாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். சிலர் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள், பலர் எடுக்கவே இல்லை.

கடைக்குத் திரும்பியதும் சித்தப்பா லேப்டாப்பைத் தொடவில்லை. என் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் படிச்சவ. வாயத் திறந்தா நாலு வார்த்தைக்கு மேல வராது. எனக்கு அப்படி ஆள்தான் வேணும். துடைக்கறதுக்கு முன்னாடி திரையில வர்ற மாதிரி ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா. படிச்சதும் உங்க அத்தை விரல் அப்படியே நிக்கணும்."