சோளக்குழிமேல் செவலை

சோளக்குழியைத் திறந்ததும் மேலே வரும் அந்தப் புளித்த வெக்கை வாடை இந்த வயதிலும் சில சமயம் என் மூக்கில் ஏறுகிறது. செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது மாட்டுக்கொட்டகைத் தரையில் ஆழமாகக் குழி வெட்டி, உள்ளே வைக்கோல் பரப்பிச் சோளத்தைக் கொட்டி, வாயைப் பலகைக்கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள். திறந்த உடனே யாரும் இறங்கக் கூடாது, உள்ளே அடைந்த காற்று மூச்சை நிறுத்திவிடும்; "ஆவி அடிச்சிடும்" என்பார் அப்பா.

இரண்டாம் உலக யுத்த காலம் அது; தானியத் திருட்டு அதிகம். அதனால் அப்பா ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து, தினமும் அந்தக் கல்லின்மேலேயே கஞ்சி ஊற்றி வளர்த்தார். அப்படி வளர்த்தால் அந்த இடத்தை நாய் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நிறத்தை வைத்து அதற்குச் "செவலை" என்று பேர். அப்பாவோ நானோ பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கல்லைவிட்டு எழுந்திருக்கும்.

அந்த வருஷம் மழை இல்லை. சர்க்கார் கட்டாயக் கொள்முதலுக்கு வீடுவீடாக வந்து தானியத்தை எடுத்துப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அடுத்த வெள்ளாமைவரை எங்களுக்கிருந்த ஒரே சாப்பாடு அந்தக் குழிதான் என்பதால், அம்மா கல்லின்மேல் சாணி மெழுகி, வைக்கோலைப் பரப்பி, கன்றுக்குட்டியையும் பக்கத்தில் கட்டிவைத்தாள். எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் நாயை மட்டும் யோசிக்கவில்லை.

அதிகாரியும் தலையாரியும் கொட்டகைக்குள் நுழைந்தபோது செவலை அந்த வைக்கோல்மேல் எழுந்து நின்று உறுமியது.

"யாரு நாய்?" என்றார் அதிகாரி. அப்பா கன்றுக்குட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிக்கிற புள்ள. சொல்லு."

"எங்க நாய் இல்லீங்க. தெருநாய்ங்க."

என் குரலைக் கேட்டதும் செவலை வாலை ஆட்டியது.

"வாலாட்டுதே தம்பி!" என்று தலையாரி சிரித்தார்.

"அது எல்லாருக்கும் ஆட்டுங்க."

"எனக்கு ஆட்டலியே. நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

"சரி தம்பி, நீயே வெரட்டி விடு" என்றார் அதிகாரி.

பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருக்கும். கூப்பிட்டால் அது எங்கள் நாய் ஆகிவிடும்; குழிமேல் நாய் வளர்க்கும் வழக்கம் அவர்களுக்கும் தெரியும். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாட்டை ஓட்டும் கம்பை எடுத்து அடித்தேன். காதை மடித்துக்கொண்டு படுத்தது. மறுபடியும் அடித்தேன். பின்னங்காலில் பட்ட அடிக்கு வீறிட்டது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. அவர்களைப் பார்த்து உறுமிய வாய் என்னைப் பார்த்து ஒரு பல்லைக்கூடக் காட்டவில்லை.

"போதும்டா," என்றார் அதிகாரி. "தெருநாயா இருந்தா இந்நேரம் உன் கையக் கடிச்சிருக்கும். அடி வாங்கிட்டுப் படுத்திருக்கே, இது உங்க நாய்தான். தலையாரி, அதுக்குக் கீழ தோண்டு."

அப்போதுதான் அப்பா "செவலை, வாடா" என்றார். மூன்று காலில் நொண்டிக்கொண்டு அவரிடம் போனது.

சோளம் வண்டியில் ஏறிப் போனது. "சனியன் புடிச்ச நாய்!" என்று அம்மா அழுதாள். "அத ஏன் திட்டுற? சொன்ன வேலையத்தானே செஞ்சுது" என்றார் அப்பா. என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் நான் கொட்டகைக்குப் போனபோது செவலை காலி குழியின் ஓரத்தில் படுத்திருந்தது. கூப்பிடாமலே எழுந்து வந்து, கம்பு பிடித்த அதே கையை நக்கியது. அன்றைக்கே கடித்திருந்தால் இத்தனை வருஷம் இது என்னை அறுத்திருக்காது.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. குழியைத் தூர்த்து அண்ணன் மகன் மாடிவீடு கட்டியிருக்கிறான். குழியில் சோளம் வைத்ததைச் சொன்னால் பிள்ளைகள் கதை என்கிறார்கள். போன மாதம் பேத்தி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "வளக்கலாமா தாத்தா?" என்றாள். எனக்கு நாய் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.