இரண்டு கிலோ முந்நூறு

பார்சல் கிடங்கில் எடை போடுகிறவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். பதினாறு வருஷமாக அதே எடை மேசைக்குப் பின்னால் நிற்கிறார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, "நாலு கிலோ நானூறு" என்பார். மெஷினில் வைத்தால் பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மனுஷருக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வேறு எதிலும் தலைக்கனம் கொள்ள வழியில்லாதவர், இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் மனைவி தையல் கம்பெனி மாடிப்படியில் உருண்டு விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் நடமாடுவாள். ஆனால் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கினால் ஏற முடியாது. பேச்சே குறைந்துபோயிற்று. முப்பது இடத்தில் வேலை கேட்டு, ஒரே ஓர் இடத்தில்தான் சரி என்றார்கள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்தே கேட்டு டைப் அடிக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் டைப்பிஸ்ட். லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும், பத்து நாளில் வருகிற திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். அன்று சாயங்காலம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கதவுக்கு வெளியே தராசுக்குக் கேட்டது. உடனே உள்ளே போகாமல், செருப்பைக் கழற்றுகிற மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

புது லேப்டாப் வாங்க வசதியில்லை. ஆன்லைன் ஏலம்தான் ஒரே வழி. அதில் நடக்கிற தில்லுமுல்லு தராசுக்குத் தெரியாததா? கல்லும் சோப்புக்கட்டியும் வந்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு அழுதபடி வருகிறவர்களிடம், "பாத்து வாங்கக் கூடாதா சார்?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்!

ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். மூன்று நாளைக்கு முன் கணக்குத் தொடங்கியவனை ஒதுக்கினார். "ஏலத்த விடுங்க, பணத்த நேரா எனக்கு அனுப்புங்க, கொறச்சுத் தர்றேன்" என்று ஒருவன் எழுதினான். "யார் காதுல பூ சுத்துற?" என்று பதில் போட்டார். நாலாவது ஆளுக்கு இரண்டு வருஷத்து நல்ல பெயர் இருந்தது. இன்றைய தேதியைத் தாளில் எழுதி லேப்டாப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார், பத்து நிமிஷத்தில் வந்தது. அதோடு விட்டாரா? வேறு யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டார். "பெட்டி, சார்ஜர் எல்லாம் சேத்து எடை எவ்வளவு தம்பி? நான் பார்சல் ஆபீஸ்ல எடை போடுறவன். கிராம் கொறஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"ரெண்டு கிலோ முந்நூறுண்ணே," என்று பதில் வந்தது.

அந்தத் தளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வாங்கியவர் பெட்டியைத் திறந்து, ஓட்டிப் பார்த்து, 'பொருள் நல்லபடி வந்தது' என்று அழுத்துகிறவரை பணம் விற்றவன் கைக்குப் போகாது. அழுத்திவிட்டால் போனதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி கிடங்குக்கே வந்தது. கிடங்குக்குள் எந்தப் பார்சலையும் பிரிக்கக் கூடாது, அது சட்டம். தராசு தூக்கினார். "ரெண்டு முந்நூறு," என்றார். மெஷினும் அதையே சொன்னது. ஒரு கிராம் கூட பிசகவில்லை. அதற்குள் போனில் செய்தி: "வந்துடுச்சாண்ணே? ஓகே குடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். வீட்ல உடம்பு சரியில்ல."

பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார். "வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாத்துட்டு அமுக்குங்கண்ணே."

"பதினாறு வருஷமா இங்க எதுக்குய்யா நிக்கிறேன்?" என்று சிரித்துக்கொண்டே தராசு அழுத்தினார்.

வீட்டில் அவள் மேசையைத் துடைத்து, நாற்காலியில் தலையணை போட்டு, தயாராக உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் ஒரு பழைய சார்ஜர் இருந்தது. பஞ்சுத்துணியில் சுற்றி, தரையில் பதிக்கிற டைல்ஸ் இரண்டு இருந்தன. ஒன்றின் மூலையைச் சின்னதாக உடைத்து எடையைச் சரிக்கட்டியிருந்தான் படுபாவி. தராசுக்குப் பேய் அறைந்தாற்போல் ஆயிற்று. எடையைத்தான் பார்ப்பேன் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் அவன் ஒரு செங்கல்லை வைத்து அனுப்பியிருப்பான், கையில் தூக்கியதுமே தெரிந்திருக்கும்.

தளத்துக்குப் புகார் எழுதினார். அந்த விற்பனைக் கணக்கே யாரிடமிருந்தோ திருடியது, ஆனால் பொருள் நல்லபடி வந்ததாக நீங்களே உறுதி செய்துவிட்டதால் எங்களால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மறுநாள் பதில் வந்தது.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடுங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னார். "வேலை குடுத்த அந்த மேடம் கூப்பிட்டா உள்ளத சொல்லிடு. உன் வீட்டுக்காரன் ஏமாந்துட்டான்னு சொல்லு. ரெண்டு வாரம் தவணை கேளு. நல்லவங்களாத்தான் தெரியுது, குடுப்பாங்க."

அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. தராசு உள்ளறையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் குளிக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

"லேப்டாப்பெல்லாம் இருக்குங்க மேடம். எங்க வீட்டுக்காரர் நல்லதாப் பாத்து வாங்கிக் குடுத்துட்டாரு. அவருக்கு அதெல்லாம் அத்துப்படி, யாரும் ஏமாத்திட முடியாது. என்னாலதான் முடியல. உக்காந்தா இடுப்பு வலிக்குது. வேற யாரையாவது எடுத்துக்கங்க மேடம்."

தராசு பொத்தானைப் பிடித்த கையோடு கதவோரம் வந்து நின்றார். போனைப் பிடுங்கிப் பேசியிருக்கலாம். அந்த மேடம் இன்னும் வைக்கவில்லை, ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மனைவி வாயால் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அதை இல்லையென்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.