ஐந்து வீட்டுக் கூரைத் தண்ணீர்

சித்திரபுரத்துக்கு மேலே இருந்த எஸ்டேட் லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. வரிசையாக ஐந்து வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. தண்ணீருக்குச் சரிவில் இறங்கி ஓடைக்குப் போக வேண்டும். எழுபதுகளில் ஒரு கோடை மழைக்குப் பின், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி குடத்தோடு அந்தச் சரிவில் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை. ஆனாலும் அவள் மறுபடி அங்கே இறங்கக் கூடாது என்று நினைத்தேன்.

குடிக்கிற தண்ணீரை, தேயிலை ஃபேக்டரி வேலைக்குப் போகும் முன் நானே கொண்டுவந்து வைத்தேன். மற்றதற்கு மழைதான். மூங்கில்களை இரண்டாகப் பிளந்து, கணுக்களைச் செதுக்கி, ஐந்து வீட்டு நீளத்துக்கும் கூரை விளிம்பின் கீழ் கம்பியால் கட்டினேன். லயம் எங்கள் பக்கம் தாழ்ந்திருந்ததால் தண்ணீர் எங்கள் வாசலுக்கு ஓடிவரும்; அங்கே ஒரு டிரம் வைத்தேன். தகரத்தில் அடுப்புப் புகை படிந்திருக்கும் என்பதால் முதல் மழையைத் தரையில் விட்டேன். அடுத்த மழையில் டிரம் நிறைந்துவிட்டது.

யாரிடமும் கேட்காமல் கட்டியது என் தவறு. கேட்கக் கூச்சப்பட்டு, எல்லோரும் சந்தைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை கட்டியிருந்தேன்.

அடுத்த வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டார். "ஏன் தம்பி, எங்க தலைக்கு மேல பேயுற மழையும் உங்க டிரம்முக்குத்தான் போகணுமோ?"

உள்ளேயிருந்து அவர் கணவர், "வாயே தொறக்காத ஆளு, மழைய மொத்தமா முழுங்கிட்டாரு பாத்தியா" என்றார்.

எங்கள் வீட்டளவு மட்டும் விட்டு மற்ற மூங்கில்களை அன்றே அவிழ்த்துவிட்டேன்.

"ஒரு வார்த்த கேட்டுக் கட்டியிருக்கலாம்லா?" என்றாள் மனைவி.

அதன்பின் கால் டிரம்கூடச் சேரவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது அவள் குடத்தோடு சரிவுப் பக்கம் நின்றிருந்தாள். வாங்கிக்கொண்டு நான் இறங்கினேன்.

திரும்பி வந்தபோது அக்கா காத்திருந்தார். கூரைத் தண்ணீர் மண்ணில் விழுந்து அவர் வாசலெல்லாம் சேறு. முன்பும் அப்படித்தான் தெறிக்கும். இடையில் சில நாள் வாசல் காய்ந்து கிடந்ததில் இப்போது பொறுக்க முடியவில்லை.

"அதக் கட்டிருங்க தம்பி. ஆனா எங்க வாசல்லயும் ஒரு டிரம்மு நிக்கணும்."

மூங்கில்களை மறுபடி கட்டி, அவர் வாசலுக்கு நேரே ஒரு துளை போட்டேன். அவர் டிரம் நிறைந்ததும் துளையைத் துணியால் அடைத்துவிட்டால் மிச்சம் எங்களுக்கு வரும். அடைப்பாரா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது.

அடுத்த மழை பெய்தபோது வீட்டில்தான் இருந்தேன். சற்று நேரத்தில் அக்காவின் குரல் கேட்டது.

"அடைச்சாச்சு ஆத்தா. உனக்கு வருதா பாரு."

"வருதுக்கா" என்றாள் மனைவி.

பிள்ளை பிறக்கும்வரை அவள் ஓடைக்கு இறங்கவில்லை. குளித்த தண்ணீரைச் வீட்டோரத்துச் சௌசௌக் கொடிக்குத் திருப்பிவிட்டோம். அதில் காய்த்தது ஐந்து வீட்டுக்கும் போயிற்று.