ஜீப்பும் வேலங்கட்டையும்

எட்டு வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம்தான் இன்றுவரை நான் வகித்த ஆகப் பெரிய பொறுப்பு. அப்பாவின் ஜீப் நின்றதும் பின்பக்கமாகக் குதித்து, சக்கரத்துக்கு அடியில் ஒரு வேலங்கட்டையைச் செருக வேண்டும். கிளம்பும்போது அதை உருவிக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நான் பார்த்த வேலைகள் எல்லாம் நான் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும்.

அந்த ஜீப்பை அப்பா கள்ளக்குறிச்சியில் வாங்கினார். அதற்கு முன் எத்தனை பேர் அதை வைத்திருந்தார்கள் என்பது தரகருக்கே மறந்துபோயிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து புளி ஏற்றிவந்து கீழே விற்பது அப்பாவின் திட்டம்.

"எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. கைபிரேக்குதான் கொஞ்சம் கம்மி" என்றார் தரகர்.

"கொஞ்சம்னா?"

"அதாங்க, இல்ல."

இந்த நேர்மை அப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. பேரம்கூடப் பேசவில்லை. பேட்டரியும் அப்படித்தான் என்பதைத் தரகர் சொல்லவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

ஆகவே மேட்டில் நிறுத்தினால்தான் ஜீப் உருண்டு இறங்கிக் கிளம்பும். எங்கள் களமருதூர்ப் பக்கம் மேடு என்றால் ஏரிக்கரை ஒன்றுதான். ஜீப் அங்கேயே குடியிருந்தது. அப்பா காலையில் சோற்றுத் தூக்குப்போசியோடு அதைத் தேடி நடந்துபோவார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வழியில் நிறுத்தி, "இன்னாடா, வண்டி மேய்ச்சலுக்குப் போயிருக்குதா?" என்பார். ஒரே கேலியை ஒரு சொல்கூட மாற்றாமல் ஆறு மாதம் சொன்ன மனிதர்.

ஓட்டப் பழகுவதும் லேசில் நடக்கவில்லை. இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டிய கை. எதிரே ஆள் வந்தால் அப்பா ஸ்டீயரிங்கை மார்போடு சேர்த்து இழுத்து, "ஹோ... ஹோ..." என்பார். பிரேக் ஞாபகத்துக்கு வருவதற்குள் ஜீப் யாருடைய கரும்புக்குள்ளாவது நுழைந்திருக்கும்.

இந்த வேடிக்கை எதையும் அம்மா பார்க்கவில்லை. ஜீப்புக்காக விற்ற காளைகள் இரண்டும் அம்மா கன்றிலிருந்து வளர்த்தவை. அவற்றை ஓட்டிக்கொண்டு போன அன்று, "அந்த வண்டியில நான் காலு வெக்கமாட்டேன்" என்றாள். அதோடு சரி. ஏரிக்கரைப் பக்கமே வருவதில்லை. அப்பா வண்டிப் பேச்சை எடுத்தால் கீரை ஆய உட்கார்ந்துவிடுவாள். அப்பாவோ, எப்படியாவது அவளை முன் ஸீட்டில் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்றாவது சுற்றிவிட வேண்டும் என்று தவித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கட்டையோடு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில், வெள்ளிமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த சித்திக்குக் குழந்தை பிறந்தது. மழை பாதையை அரித்துவிட்டதால் பஸ் ஓடவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அம்மா, மூன்றாம் நாள் பத்தியச் சாமான் மூட்டையோடு ஏரிக்கரைக்கு வந்தாள். ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து நேராக ஸீட்டுக்குச் சரிந்து, கால்களை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"காலத் தொங்கப் போட்டு உக்காரேன்" என்றார் அப்பா.

"காலு வெக்கமாட்டேன்னுதான சொன்னேன். உக்காரமாட்டேன்னு சொல்லல. நீங்க ரோட்டப் பாருங்க."

கட்டையை உருவிக்கொண்டு நான் ஓடிவந்து ஏறியதை, முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த அவள் கவனிக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டியும் அதே சம்மணம்தான்.

மலையேறி மூன்றாவது வளைவில் ஜீப் சூடேறி, ஆவி சீறிக்கொண்டு நின்றது. பிறகு தானாகவே பின்னால் நகர ஆரம்பித்தது. அப்பா கால்பிரேக்கின் மேல் ஏறியே நின்றார், மழை ஈரத்தில் அது பிடிக்கவில்லை.

"பாப்பா, கட்ட" என்று கத்தினார்.

குதித்தேன். ஈரச் சரளையில் கட்டை வழுக்கியது. சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே என்னிடம் வந்தது. குனிந்தபடியே நாலடி பின்வாங்கி, இரண்டு கையாலும் மறுபடி செருகினேன். சக்கரம் கட்டையின் முதுகில் பாதி ஏறி, யோசித்து, நின்றது. என் ஆயுளில் வேறு எதையும் நான் இவ்வளவு அழகாகச் செய்ததில்லை. பாராட்டுக்காக நிமிர்ந்தேன்.

அம்மா எதிரே நின்றிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. வண்டிக்குள் மிதித்துத்தான் இறங்கியிருக்க வேண்டும். அவளுடைய ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது.

"எத்தினி நாளா இவ இதச் செய்துக்கினு இருக்கா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"வாங்கனதுலேர்ந்து. ஒருவாட்டிகூடத் தவறனதில்ல, கெட்டிக்காரி."

அம்மா ரோட்டோரம் உட்கார்ந்து, என் கைகளை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பத்தும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அழுக்கைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துப் பாவாடையில் துடைத்துக் காட்டினேன்.

எஞ்சின் ஆறியதும் வழியில் போன நாலு பேர் தள்ளிக் கொடுத்தார்கள். கட்டையை அம்மாவே உருவினாள். என்னை முன் ஸீட்டில் உட்காரவைத்துவிட்டு, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு புளி லோடுக்கும் அவளும் கட்டையோடு வந்தாள். "கைபிரேக்குப் போடுங்க" என்பாள். "அடுத்த லோடு முடியட்டும்" என்பார் அப்பா. ஒரு வருஷம் முழுக்க அடுத்த லோடு முடியவே இல்லை.

அன்று முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன். ஒருநாள்கூடத் தவறாமல் பார்த்த வேலையை அம்மா பிடுங்கிக்கொண்டாள். மாட்டை மறந்துவிட்டு எங்கள் அம்மாவுக்கு இப்போது ஜீப் பைத்தியம் பிடித்துவிட்டது, எங்கே போனாலும் ஏறிக்கொள்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.