சஷ்டி விரதமும் வெள்ளை மாத்திரையும்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அறுபதுகளின் நடுவில் வந்த அந்த ஐப்பசியில் கேட்கவே வேண்டாம். மாட்டுங்காவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தே தேய்ந்தேன். என் கணவர் கந்த சஷ்டி விரதம் இருந்தார். பாலும் பழமும்தான் ஆகாரம். கூடவே நானும்.

ஆஸ்துமாவுக்காக அவர் வருஷக்கணக்கில் ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிட்டுவந்தார். இழுப்பு நின்றது, முகம் பூசணிக்காயாக ஊதியது. ஆபீஸில் கேலி. முருகன் குணப்படுத்துவான் என்று விரதம் தொடங்கிய அன்றே மாத்திரையை விட்டுவிட்டார்.

"மருந்தை முழுங்கினா அது விரதமா? அதுவும் ஆகாரம்தான்."

"டாக்டரை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"டாக்டரா விரதம் இருக்கார்?"

இந்த மனிதரோடு யார் பேசுவது? மாத்திரை சீசாவை இடுப்பில் செருகிக்கொண்டேன். மனசு மாறினால் உடனே கொடுத்துவிடலாமே.

நாலாம் நாள் வாந்தி. விரதக் களைப்பு என்றார்கள். சூரசம்ஹாரத்தன்று காலை எதிர்வீட்டில் பஜனை. நடுவில் எழுந்து நின்ற என் கணவர் ஆடினார், கண் செருகிச் சரிந்தார்.

"முருகன் வந்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். ஜால்ரா வேகமெடுத்தது. விபூதி பூசி, மாலையும் போட்டார்கள். நான் கையைத் தொட்டேன். ஜில்லென்று வியர்த்திருந்தது.

"சாமியும் இல்லே, பூதமும் இல்லே! டாக்ஸி கூப்பிடுங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. வந்த ஆத்திரத்தில் அவர் கக்கத்தில் கைகொடுத்து நானே மாடிப்படியில் இழுத்தேன். பாதி வழியில்தான் எதிர்வீட்டு மாமா ஓடிவந்து அவர் காலைப் பிடித்துத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மராட்டிய டாக்டரம்மா. நான் நீட்டிய சீசாவைப் பார்த்ததும், "கோலி பந்த் கியா க்யா?" என்றாள். மாத்திரையை நிறுத்தினாரா என்று கேட்கிறாள். தலையாட்டி, இருவரும் விரதம் என்றும் சொன்னேன். உடனே ஊசியும் சலைனும் ஏறின. எனக்கோ வராந்தாவில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பிறகு அவளே வந்து சொன்னாள். சிறுநீரகத்தின் தலைமேல் ஆளுக்கு இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டாம். பட்டினி, காயம், ஜுரம் என்று உடம்புக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் அவைதான் ஹார்மோனைச் சுரந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப்பிடிக்குமாம். அதே சரக்கை மாத்திரையாகத் தினமும் கொடுத்தால், சமையலுக்கு ஆள் வைத்த வீட்டுக்காரி மாதிரி தூங்கிவிடுமாம். ஆளைத் திடீரென்று நிறுத்தினால் அடுப்பு எரியாது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"நீயும்தானே பட்டினி? எப்படித் தூக்கிக்கொண்டு வந்தாய்?" என்று ஹிந்தியில் கேட்டாள். "உன் சுரப்பிகள் விழித்திருக்கின்றன."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் நடந்தேன்.

மத்தியானம் அவர் கண் திறந்தார். காதோரம் இன்னும் ஒரு மாலைப்பூ. திட்டுவதற்கு வண்டி வண்டியாகச் சேர்த்துவைத்திருந்தேன்.

"நீ ஏதாவது சாப்டியோ?" என்றார்.

அத்தனை நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கே பசி தெரிந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.