"ம்" என்றால் இறக்கு

என் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு நின்றுவிட்டன. கேட்பவர்களிடம் காருக்குக் கீழே மாட்டிக்கொண்டது என்று சொல்வேன். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கே நான் என் தம்பியின் கையை உடைத்ததையும், அதன் பிறகு பதினோரு நாள் சொன்ன பொய்யையும் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. தம்பி மூன்று வயது சிறியவன். பெரிய காஞ்சிபுரத்தில் நடுவில் ஒரு சுவர் வைத்த இரண்டு வீடுகள் எங்களுடையவை. வாசல் மட்டும் பொது. அந்த வாசலில் முப்பது வருஷத்தில் நான்கு கார்கள் நின்றிருக்கின்றன. நான்கும் என்னுடையவை, நான்கும் எவனோ ஓட்டித் தீர்த்துவிட்டு விற்றவை. ஒன்றைக்கூட மெக்கானிக்கிடம் விட்டதில்லை. சிக்கனம் என்று தெருவில் நினைத்தார்கள். அதெல்லாம் இல்லை. என் வண்டியில் இன்னொருவன் கை வைப்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஏதோ ஆசை ஆசையாகத் துடைத்துப் பராமரித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் காரோடு சண்டை போட்டேன். துருப்பிடித்த போல்ட் கழல மறுத்தால் அது என்னை வேண்டுமென்றே அவமதிப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். முதலில் கெட்ட வார்த்தை, பிறகு சுத்தியல், பிறகு உதை. ஒரு முறை சைலன்சரைப் பிடித்திருந்த கிளாம்ப் மசியவில்லை என்பதற்காக எழுந்து வந்து முன்பக்கக் கண்ணாடியை ஸ்பேனரால் அடித்து நொறுக்கினேன். சைலன்சருக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டாள். அடுத்தது உன் கண்ணாடிதான் என்று கத்தினேன். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் நீட்டி, இந்தா, உடை என்றாள். அவளிடம் மட்டும் என் பருப்பு வேகாது.

இளமையில் என் அடி முழுக்க இரும்பின் மேல் விழுந்தது. அறுபது தாண்டியதும் பாதி என் மேலேயே விழ ஆரம்பித்தது. ஸ்பேனர் நழுவி விரல் முட்டி பிய்ந்தால் முன்பெல்லாம் நாலு நாளில் ஆறும். சர்க்கரை வந்த பிறகு மாதக்கணக்கில் சீழ் கட்டியது. சூடான எஞ்சின் ஆயில் முழங்கையில் வழிந்தது எனக்கே தெரியவில்லை, தோல் வெந்த பிறகுதான் தெரிந்தது. காருக்குக் கீழே போவதற்கு ஒரு நிமிஷம், வெளியே வருவதற்குப் பத்து நிமிஷம். ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன், இன்னொரு தடவை கீழே படுத்தால் வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவேன் என்று சொல்லியிருந்தான். ரோபோ போல்ட் முறுக்குவதை வேடிக்கை பார்க்கிறவன் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்று நானும் சொல்லியிருந்தேன்.

என் வண்டியைத் தொட நான் விட்ட ஒரே ஆள் தம்பிதான். அதற்குக் காரணம் தறி. எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்துப் போகும்வரை பதினான்கு வருஷம் நானும் அவனும் ஒரே தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தோம். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நடுவில் இருப்பவன் உடலுக்கு நாடா, அதாவது ஊடுநூல் சுற்றிய கட்டை, விட வேண்டும், வலது ஓரத்தில் இருப்பவன் சரியான நேரத்தில் கரைக்கு நாடா விட வேண்டும். வாயைத் திறந்து பேசினால் கை தப்பும். அதனால் எங்கள் தறியில் ஒரே ஒரு சொல்தான், அதுவும் சொல் இல்லை. நான் "ம்" என்பேன், அவன் விடுவான். பதினான்கு வருஷத்தில் எத்தனை லட்சம் "ம்" என்று எனக்குத் தெரியாது. அவன் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை, என்ன என்று கேட்டதில்லை. "ம்" விழுந்தால் கை போகும்.

காரிலும் அப்படித்தான். நான் கீழே, அவன் ஜாக் பக்கத்தில். "ம்" என்றால் ஏற்று, அல்லது இறக்கு. எது என்று அவனுக்கே தெரியும். முப்பது வருஷமாக ஒரு தப்பு நடந்ததில்லை.

அன்று அமாவாசை. தம்பியின் தறிக்கு லீவு. வெள்ளைக் காரின் முன்பக்க ஷாக் அப்சர்பரை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. வாசலில் பாதியைத் தடுத்து ஷெட் போட வேண்டும் என்று தம்பி மகன் கேட்டான். காரை வித்துடு ணா என்று தம்பியும் சொன்னான். நான் தெருவே கேட்கும்படி கத்தி, அவன் மகனின் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். நாலு நாள் பேச்சு இல்லை. இருந்தும், அமாவாசைக் காலையில் நான் ஜாக்கை எடுத்து வெளியே போட்ட சத்தம் கேட்டதும் தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வேலையைத் தொடங்கினோம்.

சக்கரத்தைக் கழற்றி, வண்டியைத் தூக்கி, புது ஷாக்கின் மேல் பக்கத்தை மாட்டிவிட்டோம். கீழ் போல்ட் துளைக்கு நேராக வரவில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. பிரேக் டிஸ்க்குக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு, வண்டியைக் கொஞ்சம் இறக்கினால் ஸ்பிரிங் அமுங்கி, துளை நேருக்கு வந்துவிடும். கட்டையை வைத்துவிட்டுச் சொல்கிறேன், இறக்கு என்றேன். அந்த நாளில் நான் அவனிடம் அதுவரை பேசியது அது ஒன்றுதான்.

கட்டை சரியாக உட்காரவில்லை. இடது கையால் அதை உள்ளே தள்ளினேன். தள்ளுவதற்காக ஒருக்களித்தபோது தொடையில் நரம்பு பிடித்து இழுத்தது. உயிர் போகிற வலி.

"ம்."

தம்பி ஜாக்கின் திருகைத் திறந்துவிட்டான். ஒரு டன் இரும்பு என் இரண்டு விரல்களின் மேல் உட்கார்ந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவன் திருகை மூடி மறுபடி அடித்து ஏற்றும்வரை நான் ஊளையிட்டேன். வேறு சொல் அதற்குக் கிடையாது.

வெளியே வந்தேன். கையைப் பார்த்தேன். விரல் நுனியில் நகம் இருந்த இடம் எது, சதை எது என்று தெரியவில்லை. தம்பி என் பக்கத்தில் மண்டியிட்டு, தோள் துண்டை உருவிக் கையைச் சுற்ற வந்தான். தரையில் கிடந்த சக்கர ஸ்பேனரை வலது கையில் எடுத்து அவனை அடித்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது முழங்கையில். மூன்றாவது அடியில் அவன் முன்கை எலும்பு உடைந்தது. அவன் தடுக்கவே இல்லை. துண்டை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். நாலாவது அடிக்கு ஓங்கியபோது எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்து என்னைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார்கள். மண்ணில் கிடந்துகொண்டே நான் சொன்னேன்:

"வேணும்னே இறக்கிட்டான். என்னக் கொல்லப் பாத்தான்."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையில் அந்தச் சத்தம் இன்னும் இருந்தது. நான்தான் "ம்" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வலியில் உடம்பு தானாகச் சொல்லிவிட்டது. சில வருஷமாகவே அப்படித்தான். உட்கார்ந்தால் ஒரு முனகல், எழுந்தால் ஒரு முனகல், செருப்பு மாட்டினால் ஒரு முனகல். என் மனைவி பின்னாலேயே வந்து அதேபோல முனகிக் காட்டுவாள். தறியில் உட்கார்ந்த காலத்தில் நான் நினைத்தால்தான் அந்தச் சத்தம் வரும். இப்போது அதற்கு என் அனுமதி தேவையில்லை.

தெரிந்தும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை. தம்பி மேல் எனக்கு அந்த அளவு வெறுப்பு ஒன்றும் இல்லை. "நான்தான் முனகினேன்" என்று சொன்னால் நான் கிழவன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. என் மகன் சொன்னது சரி என்று ஆகிவிடும். தம்பி கெட்டவன் என்றால் நான் இன்னும் கிழவன் இல்லை. இவ்வளவு கேவலமான கணக்கை நான் போட்டேன். ஷெட் சண்டையைத் தெருவே கேட்டிருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். தம்பி வீட்டுக்கு யாரும் போகவில்லை. அண்ணனைக் கொல்லப் பார்த்தவன் என்று கடைத்தெருவில் அவன் முகத்துக்கு நேராகவே பேசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கட்டுப் போட்ட கையோடு அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

பதினோராவது நாள் மகன் லீவு போட்டு வந்து, போலீசில் கொடுக்க ஒரு மனு எழுதினான். கொலை செய்யும் நோக்கத்தோடு என்று அதில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னான். வலது கை நன்றாகத்தான் இருந்தது. பேனாவை வாங்கினேன்.

அப்போது தம்பி உள்ளே வந்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். வலது கை கழுத்துத் தூளியில் தொங்கியது. முகம் சவரம் செய்யாமல், கண் உள்ளே போய், என்னைவிடப் பத்து வயது மூத்தவன் போல இருந்தான். மகன் எழுந்து வெளியே போங்க சித்தப்பா என்றான். தம்பி அவனைப் பார்க்கவே இல்லை.

"ணா, நான் சண்டைக்கு வர்ல. நீ எங்க வேணா கையெழுத்துப் போட்டுக்கோ. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நீ ம்-னு சொன்னியா, சொல்லலியா?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"பதினோரு நாளா யோசிச்சிக்கினே இருக்குறேன். என் காதுல வுழுந்துச்சு. நீ சொல்லலேன்னா, இல்லாத சத்தமெல்லாம் எனக்குக் கேக்குதுன்னு அர்த்தம். அப்புறம் நான் தறில குந்தக்கூடாது ணா. எதை நம்பி நாடா வுடறது?"

அடித்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடைந்த கையைப் பற்றிக் கேட்கவில்லை. தன் மூளை கெட்டுப்போய்விட்டதா என்று என்னிடம் வந்து கேட்கிறான். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது நான். இரண்டு விரல் போனபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

"சொன்னேன்டா," என்றேன். "கால் புடிச்சி இழுத்துச்சு, அதுல வந்துடுச்சு. ஆட்டோல போகும்போதே எனக்குத் தெரியும்."

அவன் இடது கையால் என்னை அறைந்தான். என் மூக்குக் கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் அடித்தது. பிறந்ததிலிருந்து அவன் என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. மகன் பாய்ந்து வந்தான். நான் மகனைத் தள்ளிவிட்டேன். தம்பி மறுபடி அறைந்தான், மறுபடியும். உதடு கிழிந்து ரத்தம் அந்த மனுவின் மேல் சொட்டியது. நான் அவனை அடித்தது மூன்று. அவன் எண்ணவில்லை. கை ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினான். நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு வாசற்படியில் நின்றிருந்த என் மனைவியிடம் திரும்பினான்.

"அண்ணி, என் காது நல்லாத்தான் கேக்குது," என்றான்.

அதைச் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். மகன் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றே ஊருக்குத் திரும்பினான். மூன்று மாதத்தில் தம்பிக்கு எலும்பு கூடியது. இப்போது நெய்கிறான். எங்கள் வீட்டுப் படியை அவன் இன்றுவரை ஏறவில்லை. எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வெள்ளைக் கார் அன்று நின்ற இடத்திலேயே, ஒரு சக்கரம் இல்லாமல், கட்டையின் மேல் நிற்கிறது. மகன் ஆள் அனுப்புகிறேன் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தச் சக்கரத்தை மாட்ட இரண்டு பேர் வேண்டும், நான் வேறு யாரையும் கூப்பிடப் போவதில்லை.