மாதாவின் நீலம் பூசிய மோட்டர்

அன்பான சகோதரரே, கோயில் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னாலே கடைசி வாங்குக்குப் போய் ஒதுங்குகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. உங்கள் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததை மன்னியுங்கள். நேர்ந்துகொண்டபடியால் எழுதுகிறேன்.

என் வலது தோள் செயலற்றுப்போய் நாலைந்து வருடமாகிறது. தண்டு வலித்து வள்ளம் ஓட்டவோ, கயிறு இழுத்து மோட்டரை ஸ்டார்ட் பண்ணவோ முடியாது. பற்றரியில் ஸ்டார்ட் ஆகும் மோட்டர் கிடைத்த பிறகுதான் திரும்பவும் கடலுக்குப் போனேன். என் பிள்ளைகள் சாப்பிட்டது அதனால்தான்.

போன ஆவணியில், மாதா திருநாளுக்கு வள்ளங்களுக்கு வர்ணம் பூசினோம். என் மனைவியின் தம்பி சவிரி மோட்டரையும் விடவில்லை. மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் நீலம் அடித்தான். “மாதாவின்ர நிறம், அத்தான். இனி அவா பாத்துக்கொள்ளுவா,” என்றான்.

மோட்டர் ஓடும்போது பற்றரியும் தானாகச் சார்ஜ் ஏறும்; அன்றிலிருந்து ஏறவில்லை. சைக்கிளில் கட்டி முள்ளியவளைக் கடைக்குக் கொண்டுபோய் ஏற்றி வருவேன். இரண்டு தரம் கடலுக்குப் போனால் செத்துவிடும். பற்றரியில் பிழையில்லை என்றார் கடைக்காரர். வயர்களைப் பார்த்தோம். ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் சவிரியும் வலை எடுத்துத் திரும்பும்போது, தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் வலைக் கயிறு சுற்றி மோட்டர் நின்றுவிட்டது. கயிற்றை வெட்டிவிட்டுப் பட்டனை அமத்தினேன். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். சவிரி மோட்டர்க் கயிற்றை இழுத்துப் பார்த்தான். இழுகயிறு அறுந்து, அது சுற்றும் சுருளும் உடைந்தது. கரையிலிருந்து வீசிய கச்சான் காற்று எங்களை வெளியே தள்ளியது. அவன் ஒருவன் தண்டு வலித்து என்ன செய்ய? கோயில் கோபுரம் தெரிந்தது. பிறகு அதன் சிலுவை மட்டும். பிறகு அதுவும் இல்லை.

“அக்காவுக்கு நீங்கள்தான் மறுமொழி சொல்லோணும், அத்தான்,” என்று பகிடி விட்டான். 

செபமாலை சொன்னோம். தாயே, கரை சேர்த்தால் இதை எல்லாருக்கும் சொல்லுவேன் என்று நேர்ந்தேன். கூச்சக்காரனான என்னிடம் அதைவிடப் பெரிய காணிக்கை இல்லை. மூடி கழற்றிய மோட்டரின்மேல் மாலையை வைத்தேன். ஓர் அலை தூக்கிப் போட்டது. மாலை சறுக்கி, பற்றரியின் கறுப்பு வயரை மோட்டரோடு பிடித்திருந்த திருகாணியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். மாலையில் தொங்கிய பாடுபட்ட சுரூபச் சிலுவையின் நுனி நீலத்தைச் சுரண்ட, உள்ளே வெறும் இரும்பு மினுங்கியது.

வயர் இரும்பைச் சரியாகத் தொடவேயில்லை. பெயின்றின்மேல் இருந்தது. ஆணி வழியாகக் கசிந்த கொஞ்சக் கரண்டில்தான் இத்தனை நாள் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது; திரும்பிச் சார்ஜ் ஏற அது போதவில்லை.

சவிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான்தானே பூசினது,” என்றான்.

கத்தியால் சுரண்டி வயரை இறுக்கினோம். பட்டனில் கை வைக்க இருவருக்கும் பயம். “நீங்கள் அமத்துங்கோ. என்னோட அவா கோவமாயிருப்பா,” என்றான்.

அமத்தினேன். மோட்டர் முனகி, ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அப்படியே கரை சேர்ந்தோம்.

அந்த மோட்டரில் எத்தனை ஆணிகள். எங்கள் பிழை இருந்த ஆணியிலேயே மாதா தன் மாலையைக் கொண்டுபோய் மாட்டினார்.  அன்றிலிருந்து செபமாலை சொல்லாமல் நாங்கள் வள்ளம் தள்ளுவதில்லை. வழி தெரியாமல் நிற்கிறவர்களே, கூச்சப்படாமல் அவரிடம் கேளுங்கள். நானே கேட்டேன்.

மறுநாள் சவிரி, சுரண்டிய இடத்துக்குப் பெயின்ற் அடிக்காமல், துருப்பிடிக்காதிருக்கக் கிறீஸ் பூசினான். வலை காயாததால் நாங்கள் கடலுக்குப் போகவில்லை.